இரண்டாவதாக ஓட்டிய வண்டி

ஆபீசில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுவர் கட்டும்போது கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, குமிழி நடுவில் நிற்கிறதா என்று, அந்தக் கருவி. வைத்தவன் கிண்டலுக்குத்தான் வைத்தான். இவரோ பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள் பத்திரிகை ஒன்றில் வண்டி ஓட்டிப் பார்த்து மார்க் போடுவதுதான் வேலை. ஒரே தரத்தில் வருகிற இரண்டு நடுத்தர வண்டிகளை மாதம் ஒரு முறை எதிரெதிரே நிறுத்துவார்கள். எது சீக்கிரம் வேகம் பிடிக்கிறது, எது பிரேக் போட்டால் நேராக நிற்கிறது, எது வளைவில் சொன்ன பேச்சு கேட்கிறது என்று ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். ரசமட்டத்துக்கு இது கைவந்த கலை என்று சொன்னால் போதாது, உடம்பே அதற்கென்று ஆகிவிட்டிருந்தது. முன் டயரில் காற்று கொஞ்சம் குறைந்திருந்தால் முதல் திருப்பம் வருவதற்குள் சொல்லிவிடுவார். வீட்டில் நாற்காலி ஆடினால் எந்தக் கால் குட்டை என்று உட்கார்ந்த உடனே சொல்லுவார். “எந்தக் காலா இருந்தா என்ன, சரி பண்ணிக் குடுங்க” என்பாள் மனைவி. அது மட்டும் அவருக்கு வராது. குறை கண்டுபிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது.

கூட ஓட்டுகிறவர் அவருடைய தங்கையின் கணவர். உறவு பின்னால் வந்தது, எடைதான் முதலில் வந்தது. இரண்டு வண்டியை ஒப்பிட வேண்டுமென்றால் ஓட்டுகிற இரண்டு பேரும் ஒரே கனம் இருக்க வேண்டும் என்பது அந்தப் பத்திரிகையின் சட்டம். ஒருவர் பத்துக் கிலோ கூட இருந்தால் அவர் வண்டி மந்தமாகத்தான் கிளம்பும், பாவம் வண்டி மேல் பழி விழும். அதனால் ஓட்டுகிற நாள் காலையில், ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, பின்பக்கக் கிடங்கில் இருக்கும் மூட்டைத் தராசில் இரண்டு பேரும் ஏற வேண்டும். வேலைக்கு ஆள் எடுத்தபோது ரசமட்டத்தின் எண்பது கிலோவுக்கு நூல் பிடித்த மாதிரி வந்து நின்றவர் இவர்தான். ஆள் நல்ல மாதிரி, அதிர்ந்து பேசமாட்டார். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு ரசமட்டம் தன் தங்கையையே கட்டிக் கொடுத்தார். எடை போட்டுப் பெண் கொடுத்த ஒரே அண்ணன் என்று ஆபீசே சிரித்தது.

பதின்மூன்று வருஷம் இரண்டு பேரும் அப்படியே ஓட்டினார்கள். காலையில் ஓடுதளத்தில் வேகமும் பிரேக்கும் பார்ப்பார்கள். பிறகு நூறு கிலோமீட்டர் ஊர்ச் சாலை. அங்கே ஒரு டீக்கடையில் வண்டியை மாற்றிக்கொண்டு, போன வழியே நூறு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்கக் கூடாது. ஆபீசுக்கு வந்ததும் ஆசிரியர் இரண்டு நோட்டையும் பிரித்து மார்க்கை உரக்கப் படிப்பார். பத்துக்கு அரை மார்க்குக்கு மேல் அவர்களுக்குள் வித்தியாசம் வந்ததே கிடையாது.

வந்தது, சிவப்பு வண்டியும் சாம்பல் வண்டியும் ஓடிய மாதத்தில்.

இரண்டும் நானூறு சிசிக்குக் கொஞ்சம் உள்ளே. சிவப்பு துடுக்கு. முதல் மூன்று கியரில் பறந்துவிடும், தொண்ணூறைத் தாண்டினால் கால் வைக்கிற கம்பி அதிரும், குழியில் விழுந்தால் முதுகில் சொல்லும். சாம்பல் நிதானம். கிளம்புவதில் அரை விநாடி பின்னால்தான். ஆனால் வளைவில் எங்கே பார்க்கிறோமோ அங்கே தானாகப் போகும். கிளட்ச் வெண்ணெய். ரசமட்டம் சாம்பலுக்கு எட்டரை போட்டார். மாப்பிள்ளை போட்டது ஐந்து.

ஆசிரியர் மாப்பிள்ளையின் குறிப்பைப் படித்தார். திருப்ப இழுக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச் கனம். பிரேக் லீவர் கல் மாதிரி. சீட் எலும்பில் குத்துகிறது. நிறுத்திவிட்டு நகர்த்துவது பெரும்பாடு. சிவப்பு வண்டிக்கு எட்டு, ஒரு குறையும் இல்லை.

“ரெண்டு பேரும் ஒரே வண்டியத்தானே ஓட்டினீங்க?” என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். ரசமட்டத்துக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய மாதங்களிலும் இப்படி ஒரு மார்க், ஒன்றரை மார்க் இடித்துக்கொண்டுதான் இருந்தது, போகட்டும் என்று விட்டிருந்தார். இது போகட்டும் என்று விடுகிற சமாசாரம் இல்லை.

அதோடு மாப்பிள்ளை கொஞ்ச மாதமாக ஒரு புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தார். விலை கூடின சரக்கு, அளவில் கொஞ்சம் பெரிது. பழைய ஜாக்கெட் கிழிந்தால் டேப் ஒட்டிக்கொள்கிற மனுஷருக்கு இது ஏது? சிவப்பு வண்டியைக் கொண்டு வந்து விட்ட கம்பெனி ஆள் வேறு அன்று காலை அவர் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ரசமட்டம் முடிச்சுப் போட்டார். போட்ட முடிச்சு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிற குணம் வண்டி விஷயத்தில் மட்டும்தான் அவருக்கு உண்டு.

வண்டி நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளையை மடக்கினார்.

“அந்த ஜாக்கெட் யார் குடுத்தது?”

“நான்தான் வாங்கினேன்.”

“சிவப்புக் கம்பெனிக்காரன் குடுக்கல?”

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார். “நீங்க அப்படி நினைக்கிறீங்களா மச்சான்?”

“அந்தச் சாம்பல் வண்டிக்கு அஞ்சு மார்க் எப்படிப் போட்டீங்க? நீங்களே சொல்லுங்க, நான் கேக்கறேன்.”

மாப்பிள்ளை “சரி மச்சான், இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நடந்து போனார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரசமட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் கொஞ்சம் தயங்கிவிட்டு, மாப்பிள்ளை இனி ஓட்ட வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அந்த இதழில் ரசமட்டத்தின் மார்க் மட்டும் வந்தது. கீழே சின்ன எழுத்தில், ஓட்டுநர்களில் ஒருவரின் நடுநிலை பற்றி ஐயம் எழுந்ததால் அவருடைய மதிப்பெண்கள் சேர்க்கப்படவில்லை என்று இரண்டு வரி. பெயர் போடவில்லை. இரண்டே பேர் ஓட்டுகிற இடத்தில் பெயர் எதற்கு?

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியரிடம் சொன்ன அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்க் விஷயத்தில் அண்ணனைவிடக் கறார். கால் மார்க் கூடப் போடச் சொல்லித் தலைமை ஆசிரியரே கேட்டும் போடாதவள். மாப்பிள்ளை இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. ரசமட்டம் அவளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். வெளியில் இருந்து யாராவது சொல்லி அவள் கேட்பதைவிடத் தான் சொல்வது முறை என்று அவருக்குப் பட்டது.

“நிச்சயமா தெரியுமா அண்ணா?”

“மார்க்கே சொல்லுதும்மா. கேட்டேன், இல்லைன்னு ஒரு வார்த்தை வரல அவர் வாய்ல.”

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அண்ணன் ஒன்றைச் சொன்னால் அதை அளந்துதான் சொல்லுவார் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்கு நம்பிக்கை. அன்றைக்கே தன் தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள். சாப்பாடு மேஜை மேல் இருக்கும், பேச்சு இருக்காது.

ஆறு வாரம் ஓடியது. வருஷக் கடைசி இதழுக்காக, ஆண்டின் சிறந்த வண்டி எது என்று எழுத ரசமட்டம் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினார். மாப்பிள்ளையின் நோட்டுகளும் அதில் இருந்தன. ஒதுக்கிவைக்கத்தான் எடுத்தார். ஒன்றில் ‘கிளட்ச் கனம்’ என்று இருந்தது கண்ணில் பட்டது. அது சிவப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, நாலு மாதத்துக்கு முன்பு ஓட்டிய ஒரு நீல வண்டி. அந்த வருஷத்திலேயே லேசான கிளட்ச் அதற்குத்தான். இவருக்குக் கையில் இன்னும் ஞாபகம் இருந்தது.

அந்த மாதம் சிவப்புக் கம்பெனியின் வண்டியே ஓடவில்லை. பிறகு யாருக்காக இப்படி எழுதினார்?

மாப்பிள்ளை கடைசியாக ஓட்டிய ஐந்து மாத நோட்டையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் தலைப்பிலும், முதலில் ஓட்டியது இது, பிறகு ஓட்டியது இது என்று எழுதியிருந்தது. ஐந்திலும் குறை முழுக்க இரண்டாவதாக ஓட்டிய வண்டிக்குத்தான். டீக்கடையில் மாற்றிக்கொண்டு திரும்பிய வண்டி, அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும், கனமாக இருந்தது, இழுக்க வைத்தது, சீட் குத்தியது. முதல் மாதத்தில் ‘கை கொஞ்சம் அலுக்கிறது’ என்று மட்டும் இருந்தது. மூன்றாவது மாதம் சீட்டைப் பற்றி நாலு வரி. நாலாவது மாதம், ‘வழியில் நிறுத்திப் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன், வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.’ ஐந்தாவதுதான் சாம்பல் வண்டி.

ரசமட்டம் எழுந்து மாப்பிள்ளையின் அலமாரிக்குப் போனார். வீட்டில் இருக்கச் சொன்ன நாளிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. அந்தப் புது ஜாக்கெட் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் எடுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் எடுத்தார். இந்த மாதிரி ஜாக்கெட் மூன்று கிலோ இருக்க வேண்டும். கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தார். முள் பன்னிரண்டில் நின்றது.

உள் துணியைக் கத்தியால் பிரித்தார். உள்ளே கைக்குட்டையை மடித்துத் தைத்த பைகள், முதுகில் நாலு, இடுப்பைச் சுற்றி ஆறு. டயர் கடையில் சக்கரம் ஆடாமல் இருக்க ஒட்டுவார்களே, அந்த ஈயத் துண்டுகள் பை நிறைய. தையல் கோணல்மாணலாக இருந்தது. ஊசி பிடித்துப் பழகாத ஆம்பிளைத் தையல்.

ஒன்பது கிலோ. மனுஷர் ஒன்பது கிலோ இளைத்திருக்கிறார். இளைத்த உடம்பின் மேல் ஒன்பது கிலோ ஈயத்தைச் சுமந்துகொண்டு இருநூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் தராசில் ஏறும்போது பக்கத்தில் நின்றவர் ரசமட்டம்தான். எண்பது என்று முள் நின்றதும் ‘அப்படியே இருக்கீங்க மாப்பிள்ளை’ என்று முதுகில் தட்டியவரும் அவர்தான். முள்ளைப் பார்த்த கண் ஒரு தடவை முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது அவரை.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்க வந்தார் என்று தெரிந்து பேனாவால் உள்ளறையைக் காட்டினாள். “வெட்கத்துல சாப்பிடாம படுத்தே கிடக்காரு” என்றாள். மாப்பிள்ளை பகலிலும் போர்த்திக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டில் வாட்ச் வளையல் மாதிரி நழுவிக் கிடந்தது. ஆறு வாரத்தில் இன்னும் பாதியாகிவிட்டிருந்தார்.

ரசமட்டம் பையிலிருந்து ஒரு ஈயத் துண்டை எடுத்துப் போர்வை மேல் வைத்தார்.

“பிரிச்சுட்டீங்களா” என்றார் மாப்பிள்ளை. “நல்ல ஜாக்கெட் மச்சான் அது.”

“எங்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?”

“சொன்னா அன்னிக்கே வண்டிய விட்டு இறக்கிடுவீங்க. வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் செய்ய முடியாது, எட்டு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்ல உக்காந்து நாள எண்ணறதுக்கு, முடிஞ்ச வரைக்கும் ஓட்டலாமேன்னு பார்த்தேன்.”

“நான் அப்படிக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை.”

“கோபம் வந்துச்சு. பதிமூணு வருஷம் பக்கத்துலயே ஓட்டினவரு இப்படிக் கேக்கறாரேன்னு. அப்ப வாயத் திறந்திருந்தா அழுதிருப்பேன். அந்த இடத்துல நின்னு அழணுமா?”

ரசமட்டம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தார். அதற்குள் மாப்பிள்ளையே பேசினார்.

“அந்தச் சாம்பல் வண்டி நல்ல வண்டிதானா மச்சான்?”

“நல்ல வண்டி.”

“வளைவுல எப்படி?”

“நம்ம ஓட்டினதுலயே அதுதான் நல்லா போகும்.”

“அப்படியா” என்றார் மாப்பிள்ளை. “எனக்குத் தெரியவே இல்ல.”

ரசமட்டம் வெளியே வந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னார். தன் தப்பை முதலில் சொன்னார், நோயைப் பிறகு சொன்னார். அவள் கேட்டு முடிக்கிற வரைக்கும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. முடித்ததும் எழுந்து உள்ளே போனாள். அறைக் கதவு திறந்தே இருந்தது. அழுகைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. போர்வையைச் சரி செய்கிற சத்தம்தான் கேட்டது. அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. கணவருக்குச் சட்டை மாற்றினாள், கஞ்சி ஊட்டினாள், மகளோடு மாறி மாறிக் காலைப் பிடித்துவிட்டாள். அந்த வீட்டில் பேச்சு திரும்பியது. பேசுவதற்குத்தான் மாப்பிள்ளையிடம் மூச்சு இல்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்.

ரசமட்டம் ஆசிரியரோடு மல்லுக்கு நின்று அடுத்த இதழில் ஒரு பக்கம் வாங்கினார். நடந்தது முழுவதையும் எழுதினார். என் சகோதரியின் கணவர் எந்தக் கம்பெனியிடமும் எதையும் வாங்கியவர் இல்லை, நோயோடு ஓட்டினார், நோயை மறைத்தார், பார்த்ததை உள்ளபடி எழுதினார், அவர் மேல் ஐயப்பட்டது நான்தான், தப்பு முழுக்க என்னுடையது. நாற்பது வாக்கியம் எழுத நாலு நாள் ஆனது. வண்டியைப் பற்றி எழுதும்போது இவ்வளவு திணறியதே இல்லை.

இதழ் வந்த அன்று முற்பகலில் அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவள் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள், அன்று விடுமுறை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். விடைத்தாள் படிக்கிற மாதிரியே இரண்டு தடவை படித்தாள்.

“சரியா எழுதியிருக்கீங்க” என்றாள்.

அவருக்கு அது போதவில்லை. “என்னைத் திட்டிடும்மா. வாய்க்கு வந்தபடி திட்டு. நான் உங்கிட்ட வந்து சொல்லாம இருந்திருந்தா அந்த ஆறு வாரமாவது நீ அவர்கூடப் பேசிக்கிட்டு இருந்திருப்ப.”

“உங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது அண்ணா?”

அந்தப் பக்கத்தை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதில் போட்டிருந்த படத்தில் மாப்பிள்ளை தராசு மேல் ஹெல்மெட்டோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார், என்றைக்கோ எடுத்தது.

“நீங்க வந்து சொல்லிட்டுப் போனீங்கல்ல, அதுக்கு மறுநாள் சாயங்காலம் பாப்பா ரூம் வாசல்ல வந்து நின்னாரு” என்றாள். “உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும், உள்ள வரட்டுமான்னு கேட்டாரு. எல்லாத்தையும் எங்க அண்ணன் சொல்லிட்டாரு, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்னு கதவைச் சாத்திட்டேன். அதுக்கு அடுத்த நாளும் வந்தாரு. அன்னிக்கும் அதையேதான் சொன்னேன். மூணாவது நாள் வரல.”

அவள் இதழை மடித்து ஓரமாக வைத்தாள். “டீ ஆறுது, குடிங்க” என்றாள். ரசமட்டம் டம்ளரை எடுக்கவில்லை.